தொண்டர் என்ற பேரு நமக்கு எங்கிருந்து வந்தது?

 

திருவிழா வந்தா நாங்க தொண்டர் சட்டை போட்டுக்கிட்டு அன்னதானம், கூட்டம், பார்க்கிங் எல்லாம் பார்க்கிறோம். இதே பேரோட 1946ல் கெடாவில் ஒரு கூட்டம் இருந்துச்சு. அதன் பேரு தொண்டர் படை. நம்ம பிள்ளைங்க பலருக்கு இது தெரியாது. அதான் எழுதுகிறோம்.

ஜப்பான்காரன் காலம் முடிஞ்ச நேரம். சயாம் மரண ரயிலுக்குப் போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பி வரவில்லை. தோட்டத்தில் பசி, நோய். அந்த நிலையிலும் கள்ளுக்கடை மட்டும் தவறாம திறந்திருந்தது. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே, அனுமதியோட நடந்தது. வாங்குற சம்பளத்தில் ஒரு பங்கு அங்கேயே போச்சு. வீட்டில் அடுப்பு எரியல.

பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி என்பவர் முன்னின்று இளைஞர்களைச் சேர்த்தார். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சி எடுத்தவர்கள் அப்போது தோட்டங்களுக்குத் திரும்பியிருந்தார்கள். அந்தக் கட்டுப்பாடு இந்தப் படைக்கும் வந்தது. குடிக்காதே என்று அறிவுரை சொன்னதோட அவங்க நிற்கல. கூட்டுறவுக் கடை நடத்தினாங்க, கள்ளுக்கடையை மூடச் சொல்லி மறியல் பண்ணினாங்க. ஒரு தோட்டத்தில் ஆரம்பிச்சது பக்கத்துத் தோட்டங்களுக்கும் பரவியது.

1947 பிப்ரவரி கடைசியில் சுங்கைப் பட்டாணி கள்ளுக்கடை மறியலில் போலீசோட மோதல். ஒரு தொழிலாளி உயிர் போச்சு. மார்ச் தொடக்கத்தில் பீடோங்கில் மறுபடியும் மோதல், பலர் கைதானார்கள். 1948 ஜூனில் அவசரகாலம் வந்தபிறகு இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு இடமே இல்லாமல் போனது.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். குடிச்சவர்களை அந்தப் படை சில நேரம் தண்டிக்கவும் செய்தது. அது நமக்கு வேண்டாம். பயந்து குடியை விட்டவன், பயம் போனதும் மறுபடி குடிப்பான்.

ஆனா மற்றதை நாம எடுத்துக்கலாம். பையன்கள் கையில் ஒரு வேலையும் பொறுப்பும் கொடுத்தாங்க. தனியா நிறுத்த முடியாத குடியை, நாலு பேர் சேர்ந்து நிறுத்த முடியும்னு காட்டினாங்க. அதுவும் ஒருநாள் வேலையா இல்லாம, தினசரி வேலையா செஞ்சாங்க.

இன்னைக்குத் தோட்டம் போய் அடுக்குமாடி வந்தாச்சு. கள்ளுக்குப் பதிலா சம்சு, போதைப்பொருள், குண்டர் கும்பல். கும்பலும் பையனுக்கு ஒரு பேரும் கூட்டமும் கொடுக்குது பாருங்க. அதைவிட நல்ல கூட்டத்தை நாம கொடுக்காவிட்டால், அவன் எங்கே போவான்?

தைப்பூசத்துக்கு வருகிற பிள்ளைங்க, தைப்பூசம் முடிஞ்சதும் காணாமல் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கோயில் சுத்தம் செய்யவும், சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தரவும் அவங்களைக் கூட்டிட்டு வாங்க. வேலை கொடுக்க நாங்க இருக்கோம்.