காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி

நியூயார்க் டாக்சி ஓட்டுநர்களின் வரலாற்றுக்குள் நான் நுழைந்தது பைரவி தேசாய் வழியாக. குஜராத்தில் பிறந்து, சிறுமியாக நியூஜெர்சிக்குக் குடிபெயர்ந்தவர். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பெண்ணியல் படித்தார். குடும்ப வன்முறைக்கு ஆளான தெற்காசியப் பெண்களுக்காக இயங்கும் 'மானவி' அமைப்பில் வேலை செய்தார். 1996இல் டாக்சி ஓட்டுநர்களைத் திரட்டப் போனார். அவர் டாக்சி ஓட்டியவர் இல்லை. அந்தத் தொழிலில் பெண்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருந்தார்கள். "பெண்ணியம் படித்தவளுக்கு ஆம்பளைங்க சங்கத்தில் என்ன வேலை?" என்று தோழி ஒருத்தி என்னைக் கேட்டாள். அவளுக்குச் சொல்ல நினைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்கள் பலர் டாக்சி ஓட்ட வந்தார்கள். வண்டிகள் பெருகின, கூலி விழுந்தது. 1937இல் வந்த ஹாஸ் சட்டம் வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு போட்டது. பானெட்டில் பொருத்தும் உரிமத் தகடான மெடாலியனின் விலை அப்போது 10 டாலர். 2014இல் அது பத்து லட்சம் டாலருக்கு மேல் இருந்தது. தகடு சொத்தானது. ஓட்டுகிறவரின் நேரம் யார் கணக்கிலும் ஏறவில்லை.

பெரிய அடி 1979இல் விழுந்தது. அதுவரை கம்பெனி வண்டி ஓட்டியவர் மீட்டர் வசூலில் பங்கு வாங்கும் தொழிலாளி. அவருக்குச் சங்கம் இருந்தது, சலுகைகள் இருந்தன. அந்த ஆண்டு வண்டியை ஓட்டுநருக்கே வாடகைக்கு விட அனுமதி கிடைத்தது. 12 மணி நேர ஷிப்டுக்கான வாடகையை அவர் கட்ட வேண்டும், பெட்ரோலும் அவர் செலவு. மிஞ்சுவதுதான் வருமானம். சவாரி இல்லாத நாளின் நஷ்டம் முழுதும் அவர் தலையில். முதல் பல மணி நேர உழைப்பு வாடகைக்கே போகும். இதற்குச் சட்டம் வைத்த பெயர் சுயதொழில்! 1947 முதலே அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் சுயதொழில் செய்பவருக்குக் கூட்டுபேர உரிமையைத் தருவதில்லை. குறைந்தபட்சக் கூலியும் அதோடு போயிற்று. கம்பெனி இறக்கிவைத்த நஷ்டத்தை ஓட்டுநரின் வீடு சுமந்தது. அரிசி டப்பாவைத் தட்டிப் பார்த்து மாதக் கடைசியை ஓட்டுகிற யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

பேரம் பேசும் உரிமை இல்லாத இவர்களைச் சேர்த்துத்தான் தேசாயும் தோழர்களும் 1998இல் நியூயார்க் டாக்சி தொழிலாளர் கூட்டணியைத் தொடங்கினார்கள். மேயர் ஜூலியானி கொண்டுவந்த கடுமையான விதிகளை எதிர்த்து அந்த ஆண்டு மே 13 அன்று வேலைநிறுத்தம். நகரில் இருந்த சுமார் 12,000 மஞ்சள் டாக்சிகளில் மிகப் பெரும்பாலானவை ஓடவில்லை.

பெண்கள் ஏன் இத்தனை குறைவு? 1942இல் கெர்ட்ரூட் ஜெனெட் என்ற கறுப்பினப் பெண் நியூயார்க்கில் டாக்சி உரிமம் பெற்றார். பின்னாளில் நாடகாசிரியராகவும் நடிகையாகவும் அறியப்பட்டவர். போர்க்காலத்தில் ஆண்கள் படைக்குப் போனதால் கதவு கொஞ்சம் திறந்தது. ஆனால் ஆண் ஓட்டுநர்கள் அவரை வரிசையில் நிற்கவே விடவில்லை. இன்றைய காரணங்களில் ஒன்று சிறுநீர். 12 மணி நேரம் தெருவில் இருப்பவருக்கு, வண்டியை நிறுத்தினால் அபராதம், கழிப்பறை எங்கே என்றும் தெரியாது. ஆண்கள் பாட்டிலை வைத்துச் சமாளிக்கிறார்கள். 

2011இல் ஊபர் வந்தது. மெடாலியன் விலை சரிந்தது, கடன் வாங்கி வாங்கியவர்கள் மூழ்கினார்கள். 2018இல் ஓட்டுநர்கள் பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த ஆகஸ்டில் செயலி வண்டிகளின் எண்ணிக்கைக்கு நகரம் வரம்பு விதித்தது. டிசம்பரில், செலவு போக மணிக்கு 17.22 டாலர் என்று செயலி ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச வருமானம் நிர்ணயித்தது. மஞ்சள் டாக்சிக் கடனுக்கு இன்னும் மூன்று வருடமும் 15 நாள் உண்ணாவிரதமும் தேவைப்பட்டன.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 17.22 டாலருக்குப் பின்னால் இருந்த கணக்கு. பயணி ஏறியிருக்கும் நிமிடங்களோடு, அடுத்த அழைப்புக்காகக் காலியாக நிற்கும், சுற்றும் நிமிடங்களையும் அது வேலை நேரமாக எடுத்துக்கொண்டது. அடுப்பில் பால் பொங்கக் காத்திருப்பது, பள்ளி வாசலில் நிற்பது, நோயாளி விழிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் வேலைதான் என்று பெண்ணியவாதிகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறோம். அதன் ஒரு துண்டு ஒரு நகரத்தின் டாக்சி விதியில் இருப்பதைப் பார்த்தபோது, தோழியை உடனே கூப்பிட்டுப் படித்துக் காட்டத் தோன்றியது.

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. காத்திருப்புக்கும் காசு என்றானதும், 2019இல் லிப்ட், பிறகு ஊபர், சவாரி குறைந்த நேரங்களில் ஓட்டுநர்களைச் செயலிக்குள் நுழைய விடாமல் தடுத்தன. உள்ளே நுழையாதவரின் காத்திருப்பு கணக்கில் வராது. வண்டித் தவணை ஓடிக்கொண்டிருக்க, செயலி எப்போது திறக்கும் என்று போனைப் பார்த்தபடி ஓட்டுநர்கள் தெருவோரத்தில் நின்றார்கள்.