கழுத்தா, காதா? தலைச்சுற்றலை இயன்முறையாளர் கற்றுக்கொண்ட வரலாறு

1955ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் ரயன், கோப் என்னும் இரு மருத்துவர்கள் ‘கழுத்துவழித் தலைச்சுற்றல்’ என்ற பொருளில் ஒரு சிறு கட்டுரை எழுதினர். கழுத்தெலும்புத் தேய்மானம் உடையோர்க்கும் கழுத்தில் அடிபட்டோர்க்கும் வரும் தலைச்சுற்றலின் காரணம் உட்செவியில் இல்லை. கழுத்து மூட்டுகளிலிருந்து மூளைக்குச் செல்லும் பிழையான உணர்வுச் செய்திகளில் இருக்கிறது என்பது அவர்களது கருத்து. இத்தகைய நோயாளிகளுக்கு இயன்முறை சிகிச்சை பயன்படுமா என்பதைக் கட்டுப்பாட்டுக் குழுவுடன் சோதித்த முதல் ஆய்வு 1996இல்தான் வந்தது. இடைப்பட்ட நாற்பத்தோர் ஆண்டுகளில் இயன்முறை மாணவர்க்குத் தலைச்சுற்றல் பற்றிப் பெரிதும் கற்பிக்கப்பட்டது ஒன்றே: அது கண்டால் கையை எடுத்துவிடு.

இந்த அச்சம் தமனி பற்றிய கருத்திலிருந்து பிறந்தது. கழுத்தைத் திருப்பும்போது முள்ளெலும்புத் தமனியின் ஓட்டம் தடைப்படுவதை 1927இல் டி கிளெய்ன், நியுவென்ஹெய்ஸ் இருவரும் பிணங்களில் சோதித்துக் காட்டினர். அதற்கு ஓராண்டு முன்னர் ஸ்ட்ராஸ்பர்க்கின் பாரே, கழுத்தின் பரிவு நரம்புகள் உறுத்தப்படுவதே காரணம் என்றார். அவ்விளக்கம் பின்னர் வலுவிழந்தது. தமனி விளக்கமோ வகுப்பறைகளில் நிலைத்தது. கழுத்தைக் கையால் திடீரெனச் சொடுக்கும் சிகிச்சைக்குப் பின் பக்கவாதம் நேர்ந்த செய்திகள் மருத்துவ இதழ்களில் வரத் தொடங்கியதும், 1988இல் ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவச் சங்கம் ஒரு முன்சோதனை நெறிமுறையை வகுத்தது. நோயாளியின் தலையைத் திருப்பிச் சற்றுநேரம் அந்நிலையிலேயே நிறுத்தி, தலைச்சுற்றல் வருகிறதா என்று கேட்க வேண்டும். வந்தால் அச்சிகிச்சையைச் செய்யலாகாது. ஒரு தலைமுறை முழுதும் இதைக் கற்றுத் தேர்ந்தது.

அச்சம் ஆதாரமற்றது அன்று. கழுத்துத் தமனியின் சுவர் கிழிவது உண்மையான ஆபத்து. ஆனால் தலையைத் திருப்பிப் பார்க்கும் அச்சோதனை அந்த ஆபத்தை நம்பகமாகக் காட்டுவதில்லை என்பது பிற்கால ஆய்வுகளில் தெளிவாயிற்று. கைமுறைச் சிகிச்சையாளரின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012இல் வெளியிட்டு 2020இல் திருத்திய வழிகாட்டுதல், ஒற்றைச் சோதனையை நம்புவதை விடுத்து நோய் வரலாறு, இரத்த அழுத்தம், மண்டை நரம்புகள் ஆகியவற்றைச் சேர்த்து எடைபோடச் சொல்கிறது.

இதற்கிடையில் உடலியங்கியலாளர்கள் கழுத்தை ஒரு புலனுறுப்பாகவே பார்க்கத் தொடங்கியிருந்தனர். 1977இல் டி ஜாங், கோஹன் முதலியோர் கழுத்தின் ஆழத்தில் மரப்பு ஊசி போட்டுப் பார்த்தனர். ஊசி ஏற்ற மனிதர்கள் ஊசி போட்ட பக்கமாக இழுக்கப்படுவதுபோல் உணர்ந்தனர். நடையும் அப்பக்கமே சாய்ந்தது. முயலிலும் பூனையிலும் காணப்பட்ட விழிநடுக்கம் மனிதரில் மட்டும் தோன்றவில்லை. இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும், விழிநடுக்கத்தைக் கொண்டு காதுநோயை அறிவதுபோல் கழுத்துநோயை அறிய இயலாது என்பதற்கு இதுவே முதல் எச்சரிக்கை. கழுத்தின் நுண்ணுணர்வுக்கு உடற்கூற்றுச் சான்று வேலூரிலிருந்தும் கிடைத்தது. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குல்கர்னி, சாண்டி, பாபு ஆகியோர் மனிதக் கருக்களின் பிடரியடித் தசைகளில், நீட்சியை உணரும் தசைக்கதிர்களை எண்ணி 2001இல் வெளியிட்டனர். கீழ்ச்சாய்தசையில் ஒரு கிராமுக்கு 242 கதிர்கள். கழுத்துவழித் தலைச்சுற்றல் பற்றிய மேலைநாட்டுக் கட்டுரைகள் இன்றும் இவ்வாய்வைச் சுட்டுகின்றன.

புலனுறுப்பு என்றால் அதை அளக்க வேண்டுமே. 1991இல் பிரான்சின் ரெவெல் குழுவினர் எளிய வழி கண்டனர். தலையில் ஒளிக்கற்றை விளக்கு, எதிரே இலக்கு, கண்ணை மறைத்துத் தலையைத் திருப்பி, மீண்டும் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொல்வது. 90 செ.மீ. தொலைவில் ஏறத்தாழ 7 செ.மீ. விலகினால், அதாவது 4.5 பாகைக்கு மேல் பிழையிருந்தால், ஐயம் கொள்ளலாம். 1998இல் சுவீடனின் ட்ஜெல், ரோசன்ஹால் இருவரும் அமைத்த சோதனை இன்னும் நுட்பமானது. தலை அசையாதிருக்க உடல் மட்டும் திருப்பப்படுகிறது. அந்நிலையில் கண்கள் நகரும் புள்ளியைத் தொடர்கின்றன. தலை அசையாததால் உட்செவிக்கு வேலையில்லை. முறுக்கப்படுவது கழுத்து மட்டுமே.

சிகிச்சையின் கதையும் இதே காலத்தது. 1996இல் சுவீடனின் கார்ல்பெர்க் குழு 17 நோயாளிகளை மட்டுமே கொண்டு, இயன்முறை சிகிச்சையால் கழுத்துவலியோடு தலைச்சுற்றலும் குறைவதைக் காட்டியது. ஆஸ்திரேலியாவின் சூசன் ரீட் குழு 2014இல் 86 பேரிடம், நியூசிலாந்து இயன்முறையாளர் பிரையன் மல்லிகனின் முறையையும் மெய்ட்லாண்டின் முறையையும் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டது. இரண்டும் பயனளித்தன. இங்கே வரலாற்றின் ஒரு வேடிக்கை உண்டு. மல்லிகன் முறையில், தலைச்சுற்றலைத் தூண்டும் அதே அசைவை நோயாளி செய்ய, சிகிச்சையாளர் கழுத்தெலும்பை மென்மையாக நகர்த்திப் பிடிக்கிறார். 1988இல் எந்த அசைவில் நிறுத்து என்று கற்பிக்கப்பட்டதோ, அந்த அசைவே சிகிச்சையாயிற்று.

ஆயினும் நரம்பியலார் இணங்கவில்லை. ஜெர்மனியின் தாமஸ் பிராண்ட் 1996இல் இது மெய்யா புனைவா என்றே தலைப்பிட்டு வினவினார். அவ்வினாவின் வலிமையை இயன்முறைப் பாடநூல்கள் போதிய அளவு ஏற்றதில்லை. உட்செவிக் கோளாறு உள்ளவர் சுற்றலுக்கு அஞ்சித் தலையை அசைக்காமல் விறைப்பாக வைத்திருப்பார். நாளடைவில் கழுத்து வலிக்கும். அப்போது வலி காரணமன்று, விளைவு. படுக்கையில் புரளும்போது வரும் சுற்றலும் அவ்வாறே: 1952இல் டிக்ஸ், ஹால்பைக் இருவரும் விவரித்த சோதனை அது காதுத் துகளால் வருவதைக் காட்டிவிடும், எப்லி 1992இல் வெளியிட்ட முறையால் பலருக்குச் சில நிமிடங்களில் தீர்ந்தும் விடும். தலை அசையும்போது கழுத்தும் அசைவதால் பழி கழுத்தின்மேல் விழுகிறது. இந்தியாவில் ‘செர்விகல்’ என்பது நோயாளிகளே சொல்லும் நோய்ப்பெயராகிவிட்டது. காதுத் துகளுக்குக் கழுத்துப்பட்டை அணிந்து மாதக்கணக்கில் காத்திருப்போர் எந்த ஊரிலும் உண்டு. நடு வயதைத் தாண்டியவர் எவரை எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் தெரியும் என்பது இத்தவற்றுக்கு வசதியாக அமைந்துவிட்டது.

2022இல் உட்செவி ஆய்வாளர்களின் பாராணி சங்கம், இந்நோயைத் தனியொரு நோயாக நிறுவச் சான்று போதாது என அறிவித்தது. நோயைக் கழுத்து நோயென உறுதிசெய்யும் சோதனை இன்றும் இல்லை. ஆதலால் தேர்ந்த பயிற்சிகளில் கழுத்து கடைசியில் வருகிறது: முதலில் இரத்த அழுத்தமும் மருந்துகளும், பிறகு கண்ணசைவு, பிறகு டிக்ஸ்–ஹால்பைக் சோதனை, இவை எதுவும் விளக்காதபோது, சுற்றல் கழுத்துவலியோடு கூடிக் குறைகிறதா என்ற கேள்வி. அதன் பின்னரே கை கழுத்தைத் தொடுகிறது. சில வாரச் சிகிச்சையில் வலி குறைந்தும் சுற்றல் குறையாவிடில், நோயாளியின் ஏட்டிலிருந்து அந்த நோய்ப்பெயர் நீக்கப்பட்டு, ஆய்வு மீண்டும் காதிலிருந்து தொடங்கும்.