துக்கத்தின் ஆடை

மானங் காக்கப் பிறந்த ஆடை, மாண்டோரை நினைக்கவும் மனிதனுக்கு உதவி வந்திருக்கிறது. இதற்குச் சரித்திரத்தில் நாம் காணும் சிறந்த சான்று விக்டோரியா மகாராணியாரின் வாழ்க்கையாகும்.

1861ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆந் திகதி அவர்தம் கணவர் ஆல்பர்ட் இளவரசர் காலமானார். அக்கால ஆங்கில விதவையர் ஏறக்குறைய 2 ஆண்டுகள் துக்க உடை தரிப்பது வழக்கம். மனைவியை இழந்த ஆடவருக்கோ அதனினும் குறுகிய காலமே போதுமாயிருந்தது. மகாராணியாரோ 1901 ஜனவரி 22இல் தாம் மறையும்வரை, 39 ஆண்டுகள், கறுப்புடையைக் கைவிட்டாரில்லை. ஆயினும் தமது இறுதிச் சடங்கில் வெண்மையே விளங்கவேண்டுமென 1897இல் எழுதிவைத்தார். அவ்வாறே வெள்ளுடையும் மணநாள் முகத்திரையும் அவருக்கு அணிவிக்கப்பெற்றன. ஆல்பர்ட்டின் அங்கியொன்றும் பேழையில் வைக்கப்பட்டது.

நம்மவரிடையே வெள்ளையே துக்கக் குறி. ஆனால் மகாராணியார் கறுப்பைத் தாமே விரும்பி ஏற்றார். நம் இளம் விதவைக்கோ வெள்ளைச் சேலையை ஊரார் உடுத்தினர். பூவும் பொட்டும் இழந்து, மங்கல காரியங்களில் அவள் ஒதுங்கி நின்றாள். மனைவியை இழந்தவனின் வேட்டியோ முன்னும் வெள்ளை, பின்னும் வெள்ளை!

அன்பு தேர்ந்த ஆடை நினைவுச் சின்னம். ஊர் சுமத்திய ஆடை தண்டனை. இவ்வேற்றுமையை வாலிபராகிய நாம் உணர்வோமாக, பெரியோரும் சிந்திப்பாராக.