பட்டறைக்கு மிக் வெல்டிங் மெஷின் வாங்கப் போறீங்களா? இந்த 5 விஷயத்தைப் பார்க்காம பணம் கட்டாதீங்க!

கார், ஆட்டோ, வேன் என எந்த வண்டி வந்தாலும் டிங்கரிங் வேலைக்கு வெல்டிங் இல்லாமல் முடியாது. ஆனால், கதவு கிராதி செய்யும் ராடு வெல்டிங் மெஷினை கார் தகட்டில் வைத்தால் ஓட்டை விழுவதுதான் மிச்சம். இதனால்தான் பட்டறைகளில் ‘சிஓடூ வெல்டிங்’ என்று சொல்லப்படும் மிக் மெஷின் தேவைப்படுகிறது. இதில் ராடுக்குப் பதில் மெல்லிய கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும். கூடவே வரும் வாயு, உருகிய உலோகத்தில் காற்று படாமல் காக்கும். சரி, சிறிய பட்டறைக்கு எதை வாங்கலாம்? பார்க்கலாம்.

1. அதிக ஆம்பியரா, குறைந்த ஆம்பியரா?

கடையில் ‘இது 250 ஆம்பியர் சார்’ என்றுதான் முதலில் சொல்வார்கள். ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது, ‘எவ்வளவு குறைவா வைக்க முடியும்?’ என்பதைத்தான். இரும்புத் தகட்டில் 1 மி.மீ. தடிமனுக்கு சுமார் 40 ஆம்பியர் என்பது பொதுவான கணக்கு. கார் பாடி தகடு பெரும்பாலும் 0.7 முதல் 1 மி.மீ. வரைதான். எனவே 30 ஆம்பியரில் ஆர்க் விட்டுவிட்டு எரியாமல் சீராக நிற்க வேண்டும். 3 மி.மீ. பிராக்கெட்டுக்கு 120 ஆம்பியர் போதும். ஆக, கார் வேலைக்கு 160 முதல் 200 ஆம்பியர் மெஷினே தாராளம்.

2. கரண்ட் தாங்குமா?

சிங்கிள் பேஸில் 100 ஆம்பியர் வரை ஓட்ட 16 ஆம்பியர் பிளக் பொதுவாகப் போதும். 200 ஆம்பியரில் ஓட்டினால் மெஷின் 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்குத் தனி வயரிங், தனி எம்சிபி கட்டாயம். லாரி சேஸிஸ் போன்ற கனமான வேலை தினமும் வந்தால் த்ரீ பேஸ் மெஷின் பக்கம் போவதே நல்லது.

3. டூட்டி சைக்கிள்னா என்ன?

‘200 ஆம்பியர், 60 சதவீதம்’ என்றால், 10 நிமிடத்தில் 6 நிமிடம் வெல்டிங், 4 நிமிடம் ஓய்வு என்று அர்த்தம். இந்தக் கணக்கு எத்தனை டிகிரி வெப்பத்தில் போடப்பட்டது என்றும் கேளுங்கள். 25 டிகிரியில் போட்ட கணக்கு, தகர ஷெட்டில் மே மாத வெயிலுக்குச் சரிவராது.

4. கம்பியும் கேஸும்

பாடி வேலைக்கு 0.8 மி.மீ. கம்பி ஏற்றது, மிக மெல்லிய தகட்டுக்கு 0.6 மி.மீ. சுத்தமான சிஓடூ விலை குறைவு, ஆழமாகப் பிடிக்கும். ஆனால் பொறி அதிகம் தெறிக்கும், பிறகு கிரைண்டர் வேலையும் கூடும். 80 சதவீதம் ஆர்கான் கலந்த கேஸ் மெல்லிய தகட்டுக்கு மென்மையாக இருக்கும். ‘கேஸ் வேண்டாம், ஃபிளக்ஸ் கம்பி போதும்’ என்பார்கள். அதில் சூடு அதிகம், கசடும் தட்ட வேண்டும். கார் தகட்டுக்கு அது பொருந்தாது. ஒரு விஷயம், வெல்டிங் செய்யும் இடத்தில் ஃபேன் காற்று நேரடியாக அடித்தால் கேஸ் கலைந்து, வெல்டிங்கில் பொத்தல் விழும்.

5. உதிரி பாகம் கிடைக்குமா?

டிப், லைனர், நாசில் எல்லாம் தேய்ந்து மாற்ற வேண்டியவை. யூரோ கனெக்டர் டார்ச் இருந்தால் எந்தக் கம்பெனி டார்ச்சும் பெரும்பாலும் பொருந்தும். உங்கள் ஊரிலேயே போர்டு சர்வீஸ் இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். மெஷின் ஒரு வாரம் சர்வீஸுக்குப் போனால், அந்த வாரம் வருமானமும் போச்சு!

இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்

வெல்டிங்கிற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். ‘காலி டேங்க்தானே’ என்று பெட்ரோல் டேங்கில் கை வைக்காதீர்கள். உள்ளே தங்கும் ஆவியே வெடிக்கும். துத்தநாகப் பூச்சு உள்ள தகட்டில் வரும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும் என்பதால் பூச்சைத் தேய்த்துவிட்டு, காற்றோட்டத்துடன் வேலை செய்யுங்கள். புதிய கார்களின் பில்லர் போன்ற உயர்வலிமை எஃகு பாகங்களில், கம்பெனி கையேட்டைப் பார்க்காமல் வெல்டிங் வைத்தால் வலிமை போய்விடும். விபத்து நேரத்தில் உள்ளே இருப்பவரைக் காப்பதே அந்த பில்லர்தான்.

கடைசியாக ஒன்று. வாங்கப் போகும்போது பழைய கார் கதவுத் தகட்டில் ஒரு துண்டை கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடையிலேயே அதில் வெல்டிங் வைத்துப் பாருங்கள். ஓட்டை விழாமல் பிடித்தால், பிறகு விலையைப் பேசலாம்.