டைவ் அடிச்ச அன்னைக்கே ஃப்ளைட் ஏறலாமா? கடலில் இருந்து மேலே வரும்போது உடம்புக்குள் நடப்பது என்ன?

சென்னையில் இருந்து ஈசிஆரில் வந்தால், காலாப்பட்டு தாண்டியதும் வரும் மீனவ கிராமம் பொம்மையார்பாளையம். விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தாலும் புதுச்சேரிக்கு ஒட்டின ஊர். இந்தப் பக்கம் வார இறுதியில் தங்க வருபவர்களில் சிலர், புதுச்சேரி கடலில் ஸ்கூபா டைவிங்கையும் ஒரு கை பார்த்துவிடுகிறார்கள். காலையில் கடலுக்கு அடியில் போட்டோ, இரவு சென்னை ஏர்போர்ட்டில் ஃப்ளைட். கேட்க ஜோராக இருக்கும் இந்த பிளானில்தான் ஒரு சிக்கல் இருக்கு.

கோலி சோடா கணக்கு

தரையில் நம் மீது இருப்பது ஒரு மடங்கு காற்றழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு மடங்கு கூடும். 30 மீட்டர் ஆழத்தில் 4 மடங்கு. டைவர் சுவாசிக்கும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மூச்சே இழுக்க முடியாது.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆக்சிஜனை உடம்பு செலவழித்துவிடும். நைட்ரஜனுக்கு அங்கே வேலையே இல்லை. ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து சும்மா உட்கார்ந்திருக்கும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து அளவு ஏறும்.

கோலி சோடாவில் கோலியை அழுத்தினதும் என்ன ஆகும்? அதுவரை கண்ணுக்கே தெரியாத வாயு புஸ்ஸென்று குமிழியாகக் கிளம்பும். டைவர் வேகமாக மேலே வந்தால் உடம்புக்குள்ளும் அதே கதைதான். மெதுவாக வந்தால் நைட்ரஜன் நுரையீரல் வழியாக அமைதியாக வெளியேறிவிடும். அவசரப்பட்டால் ரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழி. முதுகுத்தண்டில் அது உருவானால் கால் செயலிழக்கும். டீகம்ப்ரஷன் சிக்னஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். டைவர்கள் சுருக்கமாக 'பெண்ட்ஸ்' என்பார்கள்.

இது கடலில் மட்டும் வருவது இல்லை. நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் கட்டும்போது, ஆற்றுக்கு அடியில் அழுத்தக் காற்று அடைத்த அறைகளில் வேலை பார்த்த தொழிலாளர்கள் வெளியே வந்ததும் வலியில் சுருண்டார்கள். 1872-ல் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே படுத்த படுக்கையானார். நைட்ரஜன் குமிழிதான் காரணம் என்று 1878-ல் சொன்னவர் பிரான்சின் பால் பெர்ட். 1908-ல் பிரிட்டனின் ஹால்டேன், ஆடுகளை வைத்து சோதித்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்று ஏற வேண்டும் என்று அட்டவணையே போட்டுவிட்டார்.

முத்துக்குளித்தவர்களுக்கு வராதது ஏன்?

தூத்துக்குடியில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்கியவர்கள் அவர்கள். உள்ளே போவது ஒரே ஒரு நெஞ்சு நிறைய காற்று, அதுவும் சில நிமிடம்கூட இல்லை. அதனால் அவர்களுக்கு இந்த நோய் அபூர்வம்.

நிலைமையை மாற்றியது கம்ப்ரசர். படகில் ஏர் கம்ப்ரசர், அதில் இருந்து நீளமான டியூப், வாயில் கடித்துக்கொண்டு சங்கு குளி. மூச்சுக்காக மேலே வர வேண்டியதில்லை என்பதால் நேரம் போவதே தெரியாது. எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்று காட்ட கையில் கருவி இருக்காது. கம்ப்ரசர் புகை காற்றோடு கலந்தால் கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி. இலங்கையின் வடமேற்கில் சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலட்டை எடுப்பவர்களுக்கும் இதே பிரச்சினைதான். சுற்றுலா டைவருக்கு இருக்கும் பாதுகாப்பு, இதையே பிழைப்பாக வைத்திருப்பவருக்கு இல்லை.

எப்படித் தெரியும்?

தோள், முழங்கை, முழங்காலில் வலி. தோலில் அரிப்பு, திட்டு. மரத்துப்போதல், தலைசுற்றல், சிறுநீர் கழிக்க முடியாமை, மூச்சுத்திணறல். சிலருக்கு மேலே வந்த சில நிமிடத்தில், பெரும்பாலோருக்கு முதல் சில மணி நேரத்தில், ஏறக்குறைய எல்லோருக்கும் 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துவிட்டுப் படுக்கக் கூடாது. ஒரு வகையில் வாயுதான், ஆனால் தைலத்துக்கு அடங்குகிற வாயு இல்லை!

சரியாகிவிடும் என்று மறுபடி கடலில் இறங்குவது இன்னும் ஆபத்து. 108-க்கு போன் செய்து, "டைவ் பண்ணியிருக்கார்" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். முதலுதவி 100 சதவீத ஆக்சிஜன். முழு சிகிச்சைக்கு ஹைப்பர்பாரிக் சேம்பர் என்ற அழுத்த அறை வேண்டும். நோயாளியை உள்ளே வைத்து, 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமாக அழுத்தம் ஏற்றி, ஆக்சிஜன் கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார்கள். வழக்கமான ஒரு சுற்றுக்கே 5 மணி நேரம் நெருங்கிவிடும்.

சரி, எவ்வளவு நேரம் பாதுகாப்பு?

பயிற்சி அமைப்பான பாடியின் அட்டவணைப்படி, முதல் டைவில் 18 மீட்டரில் அதிகபட்சம் 56 நிமிடம், 30 மீட்டரில் வெறும் 20 நிமிடம். மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகம் போதும். 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும். வழியில் மூச்சை அடக்கவே கூடாது. 10 மீட்டரில் இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழிந்துவிடும்.

அப்புறம் அந்த ஃப்ளைட். விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது அளவுக்குக் குறையலாம். மிச்சமிருக்கும் நைட்ரஜன் அங்கே போய் குமிழியாகலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் கழித்தே பறக்கச் சொல்கிறார்கள். காலை 10 மணிக்கு ஒரு டைவ் முடித்தவர் இரவு 10 மணிக்கு முன் பறக்கக் கூடாது. இரண்டு டைவ் என்றால் மறுநாள் காலைதான். மலைக்கும் இதே கணக்கு. தூத்துக்குடியில் டைவ் முடித்து அப்படியே காரில் கொடைக்கானல் கிளம்பினால், அதுவும் சுமார் 2,100 மீட்டர் உயரம்.