வட்டாரத்தைக் காப்பதும் வயலைக் காப்பதும்

நெல் விளையும் மண்ணுக்கு அரணாக வந்த சட்டங்களில் இரண்டை அருகருகே வைத்துப் படிக்கத் தோன்றுகிறது: கேரளத்தின் 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம், தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம். படிக்கப் பொருத்தமான இடம் பேராவூரணி. தஞ்சை மாவட்டம் முழுவதும் மண்டலத்துக்குள் வருவதால் இவ்வூரும் அதில் அடக்கம். ஆனால் கல்லணைக் கால்வாயின் கடைமடையான இங்கே நெல்லோடு தென்னையும் பேரளவில் நிற்கிறது. கேரளச் சட்டம் எவற்றிடமிருந்து வயலைக் காக்க வந்ததோ, அவற்றில் தென்னையும் ஒன்று.

இரண்டு சட்டங்களுக்கும் முன்னால் போராட்டம் இருக்கிறது. மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகச் சென்ற இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். 2017இல், பேராவூரணிக்குப் பக்கத்திலுள்ள நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துத் திரண்டது. கேரளத்திலோ 1997இல் விவசாயத் தொழிலாளர்கள், நெல்வயலில் வைக்கப்பட்டிருந்த மாற்றுப் பயிர்களை வெட்டிச் சாய்த்தார்கள். அதற்குத் தலைமை தாங்கிய வி.எஸ். அச்சுதானந்தன் முதலமைச்சராக இருந்த காலத்தில்தான் 2008 சட்டம் வந்தது. நெடுவாசலில் நிலமுள்ளவரும் கூலிக்காரரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து வெளியிலிருந்து வந்த நிறுவனத்தை எதிர்த்தார்கள். கேரளத்தில் கூலிக்காரர் நின்றது நிலமுள்ளவருக்கு எதிரே. இவ்வேறுபாடு சட்டங்களின் வாசகத்திலும் இறங்கியிருக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டம் தடுக்க நினைப்பது ஆலையையும் எண்ணெய்க் கிணற்றையும். கேரளச் சட்டம் தடுக்க நினைப்பது வயலின் உரிமையாளரையே.

ஆகவே பட்டியல்களும் வேறாகின்றன. இங்கே பட்டியலிடப்பட்டவை தொழில்கள்: செம்பு, அலுமினிய, துத்தநாக உருக்காலைகள், இரும்பாலை, கப்பல் உடைப்பு, எண்ணெய் எரிவாயு எடுப்பு. அங்கே பட்டியலிடப்பட்டவை சர்வே எண்கள். இங்கே ஆணையத்தின் தலைவர் முதலமைச்சர். அங்கே உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவின் தலைவர் ஊராட்சித் தலைவர். கூடவே வேளாண் அலுவலரும் கிராம அலுவலரும் நெல் விவசாயிகள் மூவரும் உண்டு. சொந்த வீடு கட்ட வேறு இடமில்லாதவருக்கு ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட் என்பது வரை அச்சட்டம் அளந்து சொல்கிறது.

பெரிய ஆபத்தைத் தமிழ்நாட்டுச் சட்டம் நன்றாகவே தாங்கியது. 2023இல் ஒன்றிய அரசின் நிலக்கரி ஏலத்தில் ஒரத்தநாடு பக்கத்து வடசேரியும் சேர்ந்திருந்தபோது, முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் இச்சட்டத்தை எடுத்துக்காட்டினார். டெல்டாப் பகுதிகள் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. ஆனால் ஒரு மா, அரை மா என்று நஞ்சை பிளாட்டாகும்போது இச்சட்டத்துக்கு வேலையில்லை. அந்த விவகாரம் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வேறு அலுவலகத்தில் நடக்கிறது. கேரளச் சட்டம் அந்தச் சின்ன ஆபத்தைத்தான் குறிவைத்தது. 1970களில் 8 லட்சம் எக்டேரைத் தாண்டியிருந்த நெற்பரப்பு 2.5 லட்சத்துக்கும் கீழே சரிந்தது இப்படித் துண்டு துண்டாகத்தானே! இருந்தும் வயல்களின் சர்வே எண்களைத் தொகுத்த தரவுப் பட்டியல்கள் பிழையோடு வந்தன. திருத்தம் கேட்டும் வகைமாற்றம் கேட்டும் விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் தேங்கின. பட்டியலில் விடுபட்ட நிலத்தைக் கட்டணம் செலுத்தி மாற்றிக்கொள்ள 2018 திருத்தம் வழியும் திறந்தது.

விலக்குகளில்தான் இரு சட்டங்களுக்கும் இடையே எதிர்பாராத உறவு தெரிகிறது. சாலை, குழாய்வழி, துறைமுகம், மின்சாரம் போன்ற உள்கட்டமைப்புப் பணிகளைத் தமிழ்நாட்டுச் சட்டம் தடுப்பதில்லை. பொதுநோக்கத்துக்கு அரசு விலக்கு அளிக்கலாம் என்கிறது கேரளச் சட்டம். கண்ணூர் மாவட்டம் கீழாற்றூரில் வயல்வழிப் புறவழிச்சாலைக்கு எதிராக மக்கள் நின்றார்கள். திருவையாற்றுப் புறவழிச்சாலைக்கு வயல்கள் எடுக்கப்பட்டபோது நம் விவசாயிகளும் நின்றார்கள். இவ்வளவு வேறுபட்ட இரு சட்டங்கள் ஒரே இடத்தில் வழிவிடுகின்றன: வாங்குபவர் தனியாராக இல்லாமல் அரசாக இருக்கும் இடத்தில்.

தென்னைக்கு வருவோம். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் பேராவூரணித் தோப்புகளைச் சாய்த்தபின், மறுபடி என்ன நடுவது என்ற கேள்வி எழுந்தது. அதைப் பற்றித் தமிழ்நாட்டுச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. நஞ்சையில் தென்னை வைப்பவரைக் குற்றவாளியாக்காதது சரியே. கடைமடைக்குத் தண்ணீர் பிந்தி வரும்போது போர்வெல்லை நம்பித் தென்னைக்கு மாறியவரிடம் நெல்லை மட்டும் வற்புறுத்துவது நியாயமாகாது. கேரளமும் தண்டனையோடு நின்றுவிடவில்லை. வயலை வயலாக வைத்திருப்பவருக்கு 2020இல் எக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் உரிமைத்தொகை அறிவித்தது. தொகை சிறிது, எண்ணம் பெரிது.

எனக்கு வியப்பளிப்பது இன்னொன்று. கேரளம் பாடுபட்டுத் தொகுத்த சர்வே எண் வாரியான பட்டியலுக்கு வேண்டிய அடிப்படை நம்மிடம் முன்பே இருக்கிறது. எந்தப் புலத்தில் என்ன பயிர் என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் பசலிதோறும் அடங்கலில் பதிகிறார். அந்தப் பதிவை நெல், தென்னை, தரிசு என்று பிரித்துக் கிராம சபையில் படித்துத் திருத்தி, மண்டலச் சட்டத்துக்கு அட்டவணையாக இணைக்கலாம். அதன்பின் மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு வரும் விண்ணப்பம் முதலில் அந்த அட்டவணையைத் தாண்ட வேண்டியிருக்கும்.