கோழிக்குக் கிடைத்த குளிர்ச்சி

சரித்திரம் என்றால் ராஜாக்களின் சரித்திரம்தான் என்று நினைப்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் சொல்லப்போவது லாரி டிரைவரின் தூக்கத்தைப் பற்றிய சரித்திரம். நடந்த இடம் அமெரிக்கா.

1938-ம் வருஷம் மினியாபொலிஸ் நகரில் ஜோசப் நுமேரோ என்பவர் சினிமாக் கொட்டகைகளுக்கு ஒலிக் கருவிகள் செய்து விற்றுவந்தார். அவருடைய சிநேகிதர் ஒருவர் லாரிக் கம்பெனி முதலாளி. வழியில் ஐஸ் உருகி, ஒரு லாரி நிறையக் கோழி இறைச்சி கெட்டுப்போயிற்று என்று அவர் புலம்பினாராம். நுமேரோவிடம் ஃப்ரெடெரிக் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்து மெக்கானிக் இருந்தார். தாய் தந்தையற்றவர், சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர். லாரியின் எஞ்சினை நம்பாமல், தனக்கென்று ஒரு சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு ஓடும் குளிர்சாதனத்தை அவர் அமைத்துக் கொடுத்தார். கோழிக்கு அத்தோடு கவலை விட்டது.

அதே லாரியை ஓட்டியவன் கதை வேறு. ஸீட்டுக்குப் பின்னால் ஒரு குறுகலான பலகை. டிரைவர்கள் அதற்கு வைத்த பெயர் சவப்பெட்டி! வண்டியின் மொத்த நீளத்துக்குச் சட்டம் இருந்ததால், படுக்கைக்குக் கொடுத்த ஒவ்வோர் அங்குலமும் சரக்குக்கு நஷ்டம். 1982-ல் வந்த சட்டம் டிரெய்லரின் நீளத்தை மட்டும் அளந்தால் போதும் என்றது. படுக்கை அறையாக வளர்ந்தது. ஆனால் ஜனவரிப் பனியிலும் ஜூலை வெயிலிலும் தூங்க வேண்டுமானால், நானூறு குதிரைச் சக்தி எஞ்சினை இரவு முழுதும் உறுமவிட வேண்டும். மணிக்கு ஏறக்குறைய 3 லிட்டர் டீசல். யானையைக் கட்டி விசிறி வீசச் சொல்வது போல!

2004-ல் ஒரு சட்டம், வேலை முடிந்தால் பத்து மணி நேரம் ஓய்வெடு என்றது. 2008-ல் கலிபோர்னியாவின் சட்டம், படுக்கை உள்ள லாரியானாலும் நிறுத்திய இடத்தில் எஞ்சினை ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஓடவிடாதே என்றது. தூங்கு, ஆனால் வியர்த்துக்கொண்டே தூங்கு!

இங்கேதான் சின்ன எஞ்சின்களின் போட்டி சூடுபிடித்தது. ஒன்று 'ஆக்ஸிலரி பவர் யூனிட்'. ஆகாய விமானத்திலிருந்து வந்த பெயர் இது. 1963-ல் பறக்கத் தொடங்கிய போயிங் 727, வசதியற்ற சின்ன விமான நிலையங்களில் இதை நம்பித்தான் இறங்கிற்று. லாரியில் இது குளிர்சாதனத்தை பெல்ட் போட்டுச் சுற்றும், பாட்டரிக்கு ஊட்டும், பல மாதிரிகளில் தன் வெந்நீரைப் பெரிய எஞ்சினோடு பகிர்ந்து அதைக் குளிரில் உறையாமல் காக்கும். மற்றது ஜெனரேட்டர். அதற்கு மின்சாரம் செய்ய மட்டுமே தெரியும். வீட்டுச் சாமான் எதையும் அதில் செருகலாம். கெட்டால் தனியே கழற்றலாம். இன்டர்மீடியட்டில் பௌதிகத்தோடு மல்லாடிய எனக்கு ஜெனரேட்டரின் பக்கம்தான் மனம் சாய்கிறது. பனிப் பிரதேசத்து டிரைவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். இரண்டும் பெரிய எஞ்சின் குடிப்பதில் கால்வாசிதான் குடிக்கும்.

இரண்டுக்கும் பணமில்லாதவன், வீட்டு உபயோகத்துக்கான பெட்ரோல் ஜெனரேட்டரைக் காபினுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறான். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவனை அது எழுப்புவதில்லை.

முதலாளிகள் எடையைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். 2005-ல் சர்க்கார் இந்தச் சாதனத்துக்காக 400 பவுண்டு சலுகை கொடுத்தது. 2012-ல் அது 550 ஆயிற்று. ஜோன்ஸுடைய குளிர்சாதனத்தால் பிறந்த தெர்மோ கிங் கம்பெனியே இந்த நூற்றாண்டில் டிரைவரின் படுக்கைக்கும் சின்ன எஞ்சின் செய்து விற்க வந்தது. ஜோன்ஸ் அதைப் பார்க்கவில்லை. அவர் 1961-லேயே காலமாகிவிட்டார்.